அப்பா அம்மா அயர்லாந்துக்கு வந்தால் எங்கே கூட்டிப்போவது?

கேள்வி: அயர்லாந்தில் வேலை பார்க்கிறேன். கோடையில் ஊரிலிருந்து பெற்றோர் மூன்று வாரம் வருகிறார்கள். எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

மூன்று வாரம் என்றதும் இருபது இடத்துக்கு எக்செல்லில் அட்டவணை போட்டிருப்பீர்கள். நானும் போட்டேன். லிமெரிக்கில் ஐந்து வருடமாக இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் காங்கேயம் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு ஜூன் மாதம் வந்தார்கள். அட்டவணையில் பாதியை இரண்டாவது நாளே அழித்துவிட்டேன்.

இடங்களுக்கு முன்னால் விசா. ஒரே விசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் கூட்டத்தில் அயர்லாந்து இல்லை. ஜெர்மனியில் இருக்கும் என் கல்லூரி நண்பன் அது தெரியாமல் டிக்கெட் போட்டு, விமானம் ஏறும் இடத்திலேயே திரும்பிப் போனான். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று உண்டு. விசாவில் அந்தக் குறிப்பு இருந்தால் அதே விசாவில் பிரிட்டனுக்கும் போய்வரலாம். முதலில் இறங்குவது மட்டும் விசா கொடுத்த நாடாக இருக்க வேண்டும். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், எல்லோரும் கேட்கும் ஜயன்ட்ஸ் காஸ்வே என்ற கடலோரப் பாறைத்தூண்கள் வட அயர்லாந்தில் இருக்கின்றன, அதாவது பிரிட்டனில். எல்லையில் சாவடி எதுவும் கிடையாது. வேக வரம்புப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறியிருப்பதைப் பார்த்துத்தான் தாண்டிவிட்டோம் என்று தெரியும். யார் பார்க்கப்போகிறார்கள் என்று போய்விடாதீர்கள். கையில் ஐரிஷ் வசிப்பு அட்டை இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்காரரான உங்களுக்கே பிரிட்டன் விசா வேண்டும்.

அப்புறம், பெட்டியில் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவரக் கூடாது. அம்மாவுக்கு இதில் என்மேல் கோபம். இங்கே வந்து கடையில் ஐரிஷ் வெண்ணெயைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. புல் மேய்கிற மாடு என்பதால் வெண்ணெய் நல்ல மஞ்சளாக இருக்கும். இரண்டாம் நாளே அரைக் கிலோ உருக்கினார். முருங்கைக் கீரை இல்லையே என்று புலம்பிக்கொண்டே கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டார்.

சரி, இடங்கள். மோஹர் செங்குத்துப் பாறைகளை நாள் குறித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். கட்டணம் கட்டி, காற்றில் குடை திரும்பிக்கொள்ள, மேலே ஏறிப் பார்த்தால் வெறும் வெள்ளை. 214 மீட்டர் பாறையும் காணோம், அட்லாண்டிக்கும் காணோம். கடல் இரைச்சல் மட்டும் கீழேயிருந்து வந்தது. அப்பா கொஞ்ச நேரம் மூடுபனியைப் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, இது நம்ம கொடநாட்டுலயே இருக்குதே" என்றார்.

மூன்று நாள் கழித்து வானம் தெளிந்த அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஜூனில் பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். பாறை அடுக்குகள், ஆரன் தீவுகள், பஃபின் பறவைகள் என்று நான் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தேன். அப்பாவின் கண் வேறு பக்கம் இருந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் நிலம், அதில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. "இத்தன கிட்டக்க மேய உட்டிருக்கானே, உழுந்திராதா?" அதற்குப் பிறகு பாறையைப் பார்க்கவே இல்லை. மாட்டுக்காரனுக்கு யாராவது சொல்ல வேண்டாமா என்று கார் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம்: ஐம்பது லட்சத்துச் சொச்சம் பேர், மாடுகள் அறுபது லட்சத்துக்கும் மேல். வீட்டில் காங்கேயம் மாடு கட்டியிருந்த மனுஷனை அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக இழுத்துப்போவானேன்? அடுத்த நாளிலிருந்து நெடுஞ்சாலையை விட்டுச் சின்ன ரோடுகளில் ஓட்டினேன். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுவது, அது ஒரு நிம்மதி. ஆனால் நடுவில் புல் முளைத்த ரோடு, எதிரில் டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வேலியெல்லாம் வெள்ளைப் பூ பூத்த ஹாதார்ன் முள். "இது கொரங்காடு கண்ணு, கிளுவைக்குப் பதிலா இந்த முள்ளு" என்றார் அப்பா. வேலி அடைத்து, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மாட்டை மாற்றி மாற்றி விடுவதைத்தான் சொன்னார். நான் ஐந்து வருடம் அதே ரோட்டில் அலுவலகம் போயும் எனக்குத் தோன்றாத விஷயம்.

ஒரு கேட்டோரம் நிறுத்தியபோது அந்தப் பண்ணைக்காரரே வந்துவிட்டார். மொழிபெயர்ப்பு நான். எத்தனை மாடு? இவர் நாலு என்றார், அவர் தொண்ணூறு என்றார். எவ்வளவு மழை? வருடத்துக்கு ஏறக்குறைய அறுநூறு மில்லிமீட்டர் என்று அப்பா சொன்னதும், "ஒரு வருடத்துக்கா?" என்று அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். நான் தப்பாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. காதில் தொங்கும் மஞ்சள் வில்லையைக் காட்டி, ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போர்ட் உண்டு என்றார். அது நிஜம்தான், இங்கே அப்படித்தான். அம்மா மட்டும், "எனக்கே போன வருசந்தான் வந்துச்சு" என்றார்.

ஒரு முழு நாளை பர்ரனுக்கு ஒதுக்குங்கள். கிளேர் மாவட்டத்தின் வடக்கே, கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, வெடிப்புகளில் பூ. நடுவில் போல்னாப்ரோன் கல்திட்டை. ஐந்தாயிரம் வருடத்துக்கு முந்தையது. நிறுத்திய கற்களின்மேல் ஒரு மூடுகல், அவ்வளவுதான். 1980களில் தோண்டியபோது முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. ஐரிஷ் பெயருக்குத் திருகைக்கல் குழி என்று பொருள் சொல்கிறார்கள். அப்பா சுற்றிவந்து பார்த்துவிட்டு, எங்கள் பக்கம் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பழங்காலப் புதைகுழிகளைத் தோண்டியபோது சைக்கிளில் போய்ப் பார்த்த கதையைச் சொன்னார். எனக்கு அது அதுவரை தெரியாது. அங்கே கல் வட்டம், மண்ணுக்குள் கற்பலகை அறை. இங்கே மண்ணுக்கு மேலே. காலம் வேறு, ஆட்கள் வேறு. இருந்தாலும் செத்தவர்களுக்குக் கல்லைத் தூக்கின சிரமம் ஒன்றுதானே என்பது அவர் கட்சி.

அங்கிருந்து திரும்பும் வழியில் லிஸ்கேனரில் பிரிஜிட் புனிதவதியின் ஊற்று இருக்கிறது. மோஹருக்குப் பக்கத்திலேயே. கார் நிறுத்தி இறங்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் அம்மா அரை மணி நேரம் வெளியே வரவில்லை. குகை மாதிரி ஒரு சின்னப் பாதை, இரண்டு பக்கமும் ஜெபமாலை, இறந்துபோனவர்களின் படம், கைப்பட எழுதிய சீட்டு, ரிப்பன். கடைசியில் தண்ணீர் கசிகிறது. யாரும் சொல்லாமலே அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். என்ன சாமி என்று கேட்டார். மாடு, பால், வெண்ணெய்க்கெல்லாம் இந்தம்மாதான் என்றேன். பிப்ரவரி 1 இவர் நாள். 2023லிருந்து அதையொட்டி அரசு விடுமுறையும் உண்டு. "அப்ப நம்ம சாமிதான்" என்று தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, எனக்கும் தெளித்தார். அதே கிளேரில், தேவதைகள் கூடும் மரம் என்று ஒரு முள்மரத்துக்காக 1999இல் நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றினார்கள் என்றும் சொன்னேன். அப்பாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கன்னிமார் மரத்தை யார் வெட்டுவார்கள்?

கார்க் பக்கம் கோவ் துறைமுகத்துக்கும் போனோம். டைட்டானிக் 1912இல் கடைசியாக நின்ற இடம் என்று கூட்டம் அதற்காகத்தான் வருகிறது. கரையில் ஆனி மூர் என்ற பெண் இரண்டு தம்பிகளோடு நிற்கும் சிலை இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் குடியேறுபவர்களைப் பதிவுசெய்யும் நிலையம் திறந்தபோது முதலில் பதிவான ஆள் அவள்தான். அந்தக் காலத்தில் இங்கே அமெரிக்கா கிளம்பும் பிள்ளைக்கு முந்தின ராத்திரி இழவு வீடு மாதிரியே உட்கார்ந்து விழித்திருப்பார்களாம், திரும்பப் பார்க்கப்போவதில்லை என்று. இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா சிலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாட்ஸப் இல்லாம என்ன பண்ணுச்சுகளோ" என்றார். பிறகு டீ குடிக்கப் போனோம்.

நண்பர்கள் வந்தால் இதெல்லாம் வேண்டாம். டப்ளினில் கின்னஸ் பீர், கால்வேயில் ஒரு ராத்திரி, டிங்கிளைச் சுற்றி ஒரு நாள், மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர்தான் வேறு கணக்கு. ஒரு நாள் ஊர் சுற்றினால் அடுத்த நாள் வீடு. வீட்டு நாளில் அம்மாவுக்கு வேலை துணி காயவைப்பது. வெயில் வந்தால் போடுவது, தூறல் வந்தால் எடுக்க ஓடுவது, அரை மணிக்கு ஒருமுறை. பக்கத்து வீட்டுப் பாட்டியும் அதையே செய்வார். மேகத்தைக் காட்டி அவர் ஏதோ சொல்வார், அம்மா தமிழில் பதில் சொல்வார். இரண்டு பேருக்கும் புரிந்தது. மூன்றாம் வாரம் என் துணியை அந்தப் பாட்டி எடுத்து மடித்து வைத்திருந்தார்.

பர்ரனில் குளிர்காலத்துக்கு மாட்டை மலைமேல் ஏற்றுவார்கள் என்று நான் அப்பாவிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். கோடை வெயிலைச் சுண்ணாம்புப் பாறை பிடித்து வைத்திருக்கும், தண்ணீர் தேங்காது, படுக்கக் காய்ந்த இடம் கிடைக்கும். குளிருக்குக் கீழே இறக்குவதுதானே முறை என்று அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அக்டோபர் கடைசியில் வந்து நேரில் பார்க்க வேண்டுமாம். அம்மா குளிருக்கு வரமாட்டேன் என்கிறார். அப்பாவுக்கு மட்டும் விசா படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் மகனைப் பார்க்க என்றே போட்டிருக்கிறேன்.