பிளஸ் டூ முடித்த மகன் குருமடம் போகிறேன் என்றால்

அன்புள்ள சகோதரி,

ஒரே மகன், கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த பிறகு "குருமடத்தில் படித்துக் கத்தோலிக்கச் சாமியாராகப் போகிறேன்" என்கிறான், எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்கும் வழியை நான் சொல்லப் போவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1026-ஆம் எண், ஒருவரைக் குருவாகும்படி கட்டாயப்படுத்துவதையும் தகுதியுள்ளவரைத் தடுப்பதையும் ஒருசேர விலக்குகிறது. அதைவிட முக்கியமாக, தடுத்தாக வேண்டிய அவசரம் எதுவும் இப்போது இல்லை.

மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு ஆண்டுகள் படிக்க வேண்டும். நம் மறைமாவட்டங்களில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதிகளில், இளங்குருமடம் என்னும் தொடக்கநிலைப் பயிற்சி, கல்லூரிப் பட்டம், களப்பணி ஆண்டு ஆகியவையும் சேர்வதால், பதினெட்டு வயதில் நுழைபவர் குருப்பட்டம் பெறும்போது பெரும்பாலும் முப்பதை நெருங்கியிருப்பார். குருப்பட்டத்துக்கு முந்தைய நிலையான திருத்தொண்டர் பட்டம் பெறும் முன், தன் விருப்பத்தோடுதான் வருவதாகத் தன் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை எந்த ஆண்டிலும் அவன் வெளியே வரலாம். அப்படி வருபவனை உறவுக்காரர்கள் "குருமடத்தில் நிற்க முடியாமல் ஓடி வந்தவன்" என்று பேசுவது நம்மவர்களின் கெட்ட பழக்கம். அதற்கு அஞ்சியே மனமில்லாமல் உள்ளே தங்கிவிடுபவனைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். ஆகவே, குருமடத்தில் சேர்ந்தாலும் பல்கலைக்கழகம் வழங்கும் முறையான இளநிலைப் பட்டம் ஒன்றை அவன் பெறுவதற்கு வழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இறையியல் படிப்பை மட்டும் வைத்து வெளியே வேலை தேடுவது கடினம். பொறியியல் முடித்துவிட்டு வருபவர்களையும் குருமடங்கள் ஏற்றுக்கொள்கின்றன என்பதால், கலந்தாய்வு விண்ணப்பத்தை இன்றே கிழித்துப் போட வேண்டியதில்லை.

அவன் எதைப் பார்த்து ஆசைப்பட்டான் என்பதுதான் என்னுடைய கேள்வி. பீடத்திலும் தேர் பவனியிலும் திருவுடையில் நிற்பவரை ஊரே பார்க்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பங்கு அலுவலகத்தில், அதாவது ஊர்க் கோவிலின் அலுவலகத்தில், உட்கார்ந்திருப்பவரை யாரும் பார்ப்பதில்லை. ஒருமுறை அப்படியோர் அலுவலகத்தில் காத்திருந்தேன். திருமண ஓலை வாசிப்பதற்காக, அதாவது திருமணத்தைக் கோவிலில் முன்கூட்டி அறிவிப்பதற்காக, ஞானஸ்நானச் சான்று கேட்டு ஓர் இளைஞர் வந்திருந்தார். பங்குத்தந்தை முதுகு பிய்ந்த பழைய பதிவேட்டைப் புரட்டி விரலால் வரி வரியாகத் தேடினார். ஆதாரில் "அந்தோனி", ஏட்டில் "அந்தோணி". ஓரக்குறிப்பில் முந்தைய திருமணம் எதுவும் பதிவாகவில்லை என்று பார்த்த பிறகே சான்றை எழுதத் தொடங்கினார். பாதி எழுதும்போது, கிளைப்பங்கு ஊரில் ஒரு பாட்டிக்கு மூச்சு இழுக்கிறது, அவஸ்தை கொடுக்க, அதாவது சாகும் தறுவாயில் எண்ணெய் பூசி மன்றாட, வர வேண்டும் என்று தொலைபேசி வந்தது. எண்ணெய்ச் சிமிழையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். இளைஞர் முணுமுணுத்தார்; நானும் காத்திருந்தேன்.

இவற்றோடு பள்ளி நிர்வாகம், நிதிக்குழுக் கணக்கு, ஒழுகும் கூரை, அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பங்களின் கூட்டங்கள், கணவன் மனைவி சண்டை எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் கசப்பானது திருவிழாக் காலத்தில் தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, கல்லறையில் யாருக்கு எந்த இடம் என்பவற்றில் தலைதூக்கும் சாதிச் சண்டை. அங்கே நியாயத்தின் பக்கம் நிற்பவர், நேற்றுவரை விருந்துக்கு அழைத்த வீடுகளின் பகையைச் சம்பாதிப்பார். இரவு தனியே சாப்பிட்டுவிட்டு அந்தப் பகையோடு படுத்து உறங்கும் திடம் அவனுக்கு உண்டா என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னிக்குக் குருமடப் படிப்புக்கு வேண்டிய லத்தீன் ஏறவேயில்லை. அவர்தான் 1818-இல் பிரான்சின் ஆர்ஸ் என்ற சிற்றூருக்குப் போய், 1859-இல் இறக்கும்வரை அந்த ஊருக்குச் சாமியாராக இருந்தார்.

நீங்கள் எழுதாமல் விட்ட அச்சம் ஒன்று இருப்பதாகப் படுகிறது: முதுமையில் உங்களை யார் பார்ப்பார்கள்? மறைமாவட்டக் குரு திருமணம் செய்வதில்லை. ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறார். ஆனால் துறவற சபையினரைப்போல் சொத்தைத் துறக்கும் ஏழ்மை வார்த்தைப்பாடு அவருக்கு இல்லை. தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளலாம், கிடைக்கும் சிறிய படியில் பெற்றோருக்கும் உதவலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வந்தாலும் பெரும்பாலும் அதே மறைமாவட்டத்துக்குள்தான் இருப்பார். துறவற சபையில் சேர்ந்தால் வடகிழக்குக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பப்படலாம். எதில் சேர விரும்புகிறான் என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாமலிருக்கலாம், கேளுங்கள்.

இந்த விடுமுறையில் உங்கள் பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்று, ஞாயிற்றுக்கிழமை தவிர்த்த இருபது நாட்கள் அவன் அவரோடு இருக்கட்டும். அதன் பிறகும் மனம் மாறவில்லை என்றால், குருவாக விரும்புவோருக்கு வழிகாட்டும் இறையழைத்தல் பணிக்குழுவின் பொறுப்பாளரைச் சந்திக்க நீங்களும் உடன் செல்லுங்கள். கேள்விகளை மட்டும் அவனே கேட்கட்டும்.