தேக்கடி படகு சஃபாரிக்கு 70-300 போதுமா, 150-600 வாங்கணுமா?

மதுரையிலிருந்து முதல்முறை தேக்கடி போகிறீர்கள், கையில் இருப்பது கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யானை, காட்டெருமைக் கூட்டத்துக்குத் தாராளமாகப் போதும். கிராப் சென்சாரில் 300 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 450 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருங்கிவிடும்.

பறவைதான் ஆசை என்றால் விஷயம் வேறு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்தபோது மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்னும் ஏரியில் நிற்கின்றன (நம்ம வைகைக்கு வருகிற அதே தண்ணீர்தான்). அதன்மேல் பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைக்கும். இறகின் வெள்ளிக் கோடுகள் தெரிய வேண்டுமானால் லென்ஸிலேயே 400 மி.மீ. வேண்டும். 150-600 ஏறக்குறைய 2 கிலோ; வாங்குமுன் வாடகைக்கு எடுத்து, மதுரைப் பக்கத்துச் சாமநத்தம் கண்மாயில் ஒரு காலை முழுக்கத் தூக்கிப் பாருங்கள். கை வலித்தால் 100-400 போதும்.

படகில் டிரைபாட் வேண்டவே வேண்டாம், என்ஜின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறும். லைஃப் ஜாக்கெட் வாரை இறுக்கிவிட்டு முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/1000 நொடி, அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஆட்டோவில் விடுங்கள். ஐஎஸ்ஓ ஏறிப் புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடின படத்தை முடியாது.

அப்புறம், எடுத்த எடுப்பில் 300-க்குப் போகாதீர்கள். 70-இல் விலங்கைப் பிடித்து, பிறகு ஜூம் செய்யுங்கள். முடிந்தால் காலை முதல் படகிலேயே ஏறிவிடுங்கள்.