ஒன்பது வயது மகளின் சம்பளத்தில் ஓடும் இஎம்ஐ

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மூன்று வருடமாக ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிறாள். ஒரு நாளுக்கு 5,000 ரூபாய், மாதம் சுமார் 15 நாள் ஷூட்டிங். மூன்று வருடத்துக்கு முன் மாங்காட்டில் ஃபிளாட் வாங்கினோம். 30 லட்சம் கடன், இஎம்ஐ 26,000. அப்போது நானும் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன், 18,000 சம்பளம். மகளோடு ஷூட்டிங் போக ஆள் வேண்டும் என்பதால் வேலையை விட்டேன். கணவருக்குக் கையில் 38,000 வருகிறது. ஷூட்டிங் போய்வர இரண்டு வருடத்துக்கு முன் கார் வாங்கினோம், அதற்கு இஎம்ஐ 14,700. வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 35,000. மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் 62,000 இருக்கிறது.

மகளின் கால்ஷீட்டை என் அண்ணன் பார்த்துக்கொள்கிறார், சம்பளத்தில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார். இப்போது அவளை வைத்து யூடியூப் சேனலும் ஆல்பம் பாட்டும் எடுக்கலாம், 6 லட்சம் பர்சனல் லோன் போடுங்கள் என்கிறார். ஏஜென்ட் ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்குக் குழந்தைகளுக்கான யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார். இன்னும் ஐந்து மாதத்தில் தொடரில் லீப் வரப்போகிறது, அதாவது கதை சில வருடம் தாண்டி என் மகளின் பாத்திரத்துக்குப் பெரிய பெண் வந்துவிடுவாள் என்று யூனிட்டில் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் மகள், "நான் நடிக்கலைன்னா நம்ம வீட்டை எடுத்துக்குவாங்களாம்மா?" என்று கேட்டாள். குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்த பிறகு நன்றாக இருப்பதில்லை என்கிறார்களே, உண்மையா? யூலிப் போடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் யூலிப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதற்கு மேலே இருக்கும் உங்கள் மகளின் கேள்விதான் மனதில் நிற்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இஎம்ஐ என்றால் என்னவென்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சமையலறைப் பேச்சிலும், லீப் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுவதிலும் பிள்ளைகள் எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள். அவளுடைய கேள்விக்கு இன்றைய கணக்குப்படி "ஆமாம்" என்பதுதான் பதில். அதை "இல்லை" என்று மாற்றுவதுதான் உங்கள் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

தோராயமாகப் பார்ப்போம். 15 நாள் என்றால் 75,000. டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் போக 67,500. அண்ணனுக்கு 11,000 சொச்சம். உடை, பெட்ரோல், செட்டில் ஆகும் சில்லறைச் செலவு என்று பத்தாயிரம் வைத்தால் கையில் நிற்பது 46,000. கணவர் சம்பளத்தோடு சேர்த்து 84,000. இரண்டு இஎம்ஐயும் வீட்டுச் செலவும் 75,700. மாதம் 8,000 மிச்சம், வண்டி ஓடுகிறது என்று தோன்றும். மகளின் சம்பளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். இரண்டு இஎம்ஐயும் சேர்ந்து 40,700. கணவர் சம்பளம் 38,000. அரிசி வாங்கும் முன்பே 2,700 துண்டு விழுகிறது.

நீங்கள் பேராசையில் இதைச் செய்யவில்லை, அது எனக்குத் தெரிகிறது. வங்கி கடன் கொடுத்தது இரண்டு பெரியவர்களின் சம்பளத்தைப் பார்த்து. ஒருவர் வேலையை விட்டதும் அந்த இடத்தில் பிள்ளையின் சம்பளம் வந்து உட்கார்ந்துவிட்டது. மைனரின் வருமானத்தை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. வங்கி செய்யாத அந்தக் காரியத்தை நீங்கள் வீட்டுக்குள் செய்துவிட்டீர்கள். அதற்கு மேல் ஒரு காரும் வந்துவிட்டது.

குழந்தை நட்சத்திரங்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கணக்கு பார்க்கும் என் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். பத்து, பதினொரு வயதுக்கு மேல் பதினேழு வரை கேமராவுக்குப் பெரும்பாலான பிள்ளைகள் தேவைப்படுவதில்லை. மழலை போய்விடும், நாயகி வயது வந்திருக்காது. கமல்ஹாசன் 1960ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை நட்சத்திரமாக வந்தவர். பிறகு சில ஆண்டுகள் நடனம் கற்று, நடன உதவியாளராக வேலை பார்த்து, எழுபதுகளில்தான் நடிகராகத் திரும்ப எழுந்தார். எண்பதுகளில் பேபி ஷாலினியாக வீடு வீடாகத் தெரிந்தவர் 1997ல்தான் நாயகியானார். திருமணத்துக்குப் பிறகு நடிப்பை நிறுத்தியும் விட்டார். 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய கீர்த்தனா நாயகியாகவே வரவில்லை, உதவி இயக்குநராகக் கேமராவுக்குப் பின்னால் போனார். ஆக, நன்றாக வளர முடியாது என்பது உண்மையில்லை. ஆனால் எல்லோருக்கும் நடுவில் ஒரு இடைவெளி வருகிறது. அந்த இடைவெளியில் பிள்ளை சும்மா பள்ளிக்கூடம் போய்வரலாம், தன் வயதுப் பிள்ளைகளோடு சண்டை போடலாம், வேறு எதையாவது கற்றுக்கொள்ளலாம். வீட்டில் அவளுடைய சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு கடன் காத்திருந்தால், அதே இடைவெளி அவளுக்குத் தோல்வியாகத் தெரியும். வேலை போன பெரியவருக்கு வரும் குற்ற உணர்ச்சி பத்து வயதில் வரும்.

ஜாக்கி கூகன் கதையை நான் பெற்றோர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. 1921ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன். சிறுவயதில் அவர் சம்பாதித்தது 30 முதல் 40 லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள், அந்தக் காலத்துப் பணத்தில். 1935ல் ஒரு கார் விபத்தில் அப்பா இறந்துபோனார். அதே ஆண்டு 21 வயது நிரம்பி, பணம் எங்கே என்று அவர் கேட்டபோது பெரும்பகுதி கரைந்திருந்தது. அம்மாவும் மாற்றாந்தந்தையும் செலவழித்திருந்தார்கள். மைனர் சம்பாதிப்பது பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய கலிஃபோர்னியச் சட்டம். 1938ல் வழக்குப் போட்டார். கடைசியில் கையில் கிடைத்தது 1,26,000 டாலர். அந்த வழக்கு கிளப்பிய பரபரப்பில்தான் 1939ல் குழந்தை நடிகர்களுக்கான சட்டம் அங்கே வந்தது. இன்று அங்கே சம்பளத்தில் 15 சதவீதம் பிள்ளையின் பெயரில் ஒதுக்கியாக வேண்டும்.

முப்பதுகளின் ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் அப்பா வங்கியில் வேலை பார்த்தவர்தான். அப்படியிருந்தும் 32 லட்சம் டாலர் சம்பாதித்த மகளுக்கு 22 வயதில் மிஞ்சியிருந்தது 44,000. அவர் அதோடு சினிமாவை விட்டு விலகி, குடும்பம், பொது வாழ்க்கை என்று போய், 1974ல் கானாவுக்கும் 1989ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராக இருந்தார். பணம் போன பிறகும் ஒருவர் நிமிர்ந்து வாழ முடிந்தது என்பது எனக்கு ஆறுதலான செய்தி. அதற்காகப் பணம் போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017ல் திருத்தப்பட்ட விதிகள்படி, குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அவள் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நேரடியாக ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும், 18 வயதானதும் அவள் கைக்கு வர வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, அடுத்தடுத்து 27 நாளுக்கு மேல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் மகள் மூன்று வருடத்தில் சம்பாதித்தது ஏறத்தாழ 27 லட்சம். அதில் 20 சதவீதம் 5,40,000. அவள் பெயரில் இருப்பதோ 62,000. தயாரிப்பு நிர்வாகம் டெபாசிட் செய்யாமல் முழுத் தொகையையும் உங்கள் கணக்கில் போட்டிருக்கிறது, நீங்களும் கேட்கவில்லை. இந்த மாதச் சம்பளத்திலிருந்தே அந்த 20 சதவீதத்தைத் தனியாகப் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சங்கடப்பட வேண்டாம். நீங்கள் கேட்பது சட்டத்தில் உள்ளதைத்தான்.

இனி செய்ய வேண்டியது. காரை விற்றுவிடுங்கள். இரண்டு வருடம் கட்டிய பிறகு பாக்கி சுமார் 4,60,000 இருக்கும். ஐந்தரை லட்சத்துக்குப் போனால், முன்கூட்டியே கடனை முடிக்கும் கட்டணம் போக 75,000 மிஞ்சும். ஷூட்டிங்குக்கு ஆட்டோவில் போங்கள், அல்லது கம்பெனி வண்டி கேளுங்கள். வீட்டுக் கடனில் இன்னும் 28 லட்சம் இருக்கும். தவணைக் காலத்தை நீட்டச் சொல்லி வழக்கமாக நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை, வட்டி கூடும். உங்களுக்குச் சொல்கிறேன். எட்டரை சதவீத வட்டியில் 25 வருடத்துக்கு மாற்றினால் இஎம்ஐ 22,500க்கு இறங்கும். கணவரின் வயதைப் பார்த்து வங்கி எவ்வளவு நீட்டும் என்பதைப் போய்க் கேளுங்கள். பின்னால் கையில் பணம் சேரும்போது அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

மகளின் சம்பளத்திலிருந்து எவ்வளவு எடுக்கலாம்? ஒரு பைசாவும் எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்காகத்தான் நீங்கள் வேலையை விட்டீர்கள். நீங்கள் இழந்த 18,000ஐ வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தொடாதீர்கள். அப்போது வீட்டு வரவு 38,000 கூட்டல் 18,000, மொத்தம் 56,000. இஎம்ஐ போக மிச்சம் 33,500. வீட்டுச் செலவில் 1,500 மட்டும் குறைக்க வேண்டும். லீப் வந்து தொடர் முடிந்ததும் நீங்கள் மறுபடி பள்ளி வேலைக்குப் போகிறீர்கள். அதே 18,000 உங்கள் சம்பளமாக வரும். வீட்டில் எதுவும் மாறாது. ஜூன் மாதம்தான் வேலை கிடைக்கும் என்றாலும் கார் விற்ற 75,000 நாலு மாதம் தாங்கும். அதனால் அந்தப் பணத்தைத் தொடாமல் வைத்திருங்கள்.

மீதி 28,000 மாதாமாதம் அவள் பெயரில் போகட்டும். கம்பெனி போடும் 20 சதவீதமும் இதற்குள் அடக்கம்தான். ஐந்து மாதத்தில் 1,40,000 சேரும். செல்வமகள் கணக்கில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், அதற்கு மேல் வருவதற்கு எஃப்டி போதும். இன்னொன்று, டிடிஎஸ். நடிப்பு போன்ற சொந்தத் திறமையில் பிள்ளை சம்பாதிப்பது பெற்றோர் வருமானத்தோடு சேராது. அவள் பெயரிலேயே பான் எடுத்து, நீங்கள் காப்பாளராக ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம். வருடத்துக்கு 90,000 பிடிக்கிறார்கள். அவள் வருமான அளவுக்கு இன்றைய விதிப்படி வரி வராது என்பதால் பெரும்பாலும் முழுவதும் திரும்ப வரும். யாருடைய பானில் இதுவரை பிடித்திருக்கிறார்கள் என்பதை ஆடிட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். வருகிற பணம் அவளுடைய எஃப்டிக்கு. அந்த டெபாசிட்டின் வட்டி மட்டும் உங்கள் இருவரில் வருமானம் கூடியவரின் கணக்கில், அதாவது கணவர் கணக்கில் சேரும்.

யூலிப் வேண்டாம். உங்கள் மாத மிச்சமே 8,000, அவர் கேட்பது 10,000. ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது, உங்கள் மகளின் வருமானமோ ஐந்து மாதத்தில் நிற்கப்போகிறது. ஆறாவது மாதப் பிரீமியத்தை யார் கட்டுவது என்று அந்த ஏஜென்டைக் கேட்டுப் பாருங்கள். குழந்தையின் படம் போட்ட எந்தத் திட்டத்தைக் கண்டாலும் பெற்றோர் மனம் இளகுகிறது, அதை வைத்தே விற்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. காப்பீடு வேண்டியது கணவருக்கு. வீட்டுக் கடன் அளவுக்காவது ஒரு சாதாரண டேர்ம் பாலிசி (அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுக்கட்டும்.

உங்கள் அண்ணன் விஷயம் கஷ்டமானது. காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்த தாய்மாமன், அவரும் அலைந்துதான் இந்த வாய்ப்பை வாங்கிக் கொடுத்திருப்பார். ஆனால் 6 லட்சம் பர்சனல் லோன் என்பது ஐந்து வருடத்துக்கு மாதம் 13,000 ரூபாய்க்கு மேல். அதைக் கட்ட யார் மறுபடி கேமரா முன் நிற்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். "அண்ணா, பாப்பாவை நம்பி இனிமே கடன் வாங்க மாட்டோம்" என்று கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே தடவை சொல்லிவிடுங்கள். காரணம் அடுக்க வேண்டாம், அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். 15 சதவீதமும், புதிதாக அவர் பிடித்துத் தரும் வேலைக்கு மட்டும் என்று மாற்றப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் அவர் பங்கு நின்றால், மகளுக்குப் போகும் 28,000 ரூபாய் 39,000 ஆகும்.

கார் விற்று, வங்கியில் புது இஎம்ஐ முடிவான அன்று மகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வீடு அப்பா அம்மா சம்பளத்தில் இருக்கிறது, அதை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் சொல்ல வேண்டாம், பொய்யாகிவிடும். பிறகு, லீப் முடிந்தபின் வேறு தொடர் வந்தால் நடிக்க அவளுக்கு ஆசையா என்று கேளுங்கள். ஆசை என்றால் நடிக்கட்டும், வேண்டாம் என்றால் ஏன் என்று துருவாதீர்கள். லீப் வரும் மாதத்தில் எனக்கு மறுபடி எழுதுங்கள். அவளுடைய எஃப்டி ரசீதில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், அவள் என்ன சொன்னாள் என்பதையும் எழுதுங்கள்.