விக்டோரியா காலத்துச் சிறு தேவாலயங்களில் 'சான்சல்' என்பது என்ன? அது ஏன் தனியாகத் தெரிகிறது?

சான்சல் என்பது தேவாலயத்தின் கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் பகுதி. மக்கள் அமரும் கூடத்தைவிடப் பெரும்பாலும் ஒடுக்கமாகவும் ஓரிரு படிகள் உயரமாகவும் இருக்கும். கல்யாண மண்டபத்தில் விருந்தினர் இருக்கைகளும் மணமேடையும் ஒரே கூரையின் கீழ் வேறுவேறாகத் தெரிகின்றன அல்லவா, அதைப் போல.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரசங்கமே முதன்மை பெற்றது. புதிய தேவாலயங்கள் பல சொற்பொழிவுக் கூடங்களைப் போலவே எழுந்தன, சான்சல் சுருங்கிப்போனது. 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய கேம்டன் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் நற்கருணைச் சடங்குக்குரிய இடம் கட்டடத்திலேயே துலங்க வேண்டும், எவ்வளவு சிறிய ஊரானாலும் ஆழமான சான்சல் வேண்டும் என்று வற்புறுத்தியது. மாணவர்கள் சிலரின் பிடிவாதம் நாடெங்கும் கல்லாக நிலைத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நிலக்கரிச் சுரங்க ஊரான கோல்பிட் ஹீத்தில் கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1844-45இல் கட்டிய இரட்சகர் தேவாலயம் இதற்கு நல்ல சான்று. சவப்பெட்டியுடன் வருவோர் பாதிரியாருக்காகக் காத்திருக்கும் கூரை வேய்ந்த வாயிலையும் அவரே அமைத்தார்.

கூர்வளைவுகளையும் சான்சலையும் கண்டதும் இவை இடைக்காலக் கட்டடங்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் இத்தகைய தேவாலயங்களில் பல, ரயில் ஓடத் தொடங்கிய பிறகு எழுந்தவை.