சோலார் தெருவிளக்குப் பணத்தைக் குடிநீர் மோட்டாருக்கு மாற்றலாமா?

கேள்வி: ஊராட்சி வார்டு உறுப்பினராக இருக்கிறேன். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 6 லட்சம் ரூபாயை சோலார் தெருவிளக்குகளுக்கு ஒதுக்கிக் கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அதற்குள் அதே தெருக்களுக்கு வேறு திட்டத்தில் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டது. அந்தப் பணத்தில் குடிநீர் மோட்டாருக்கு சோலார் பேனல் போட நினைக்கிறோம். “ஒதுக்கினது ஒதுக்கினதுதான், மாற்ற முடியாது” என்கிறார் ஊராட்சி செயலர். சரியா?

பதில்: மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று பாருங்கள்.

2021-22 முதல் 2025-26 வரை அந்தக் குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் நிபந்தனையோடு வந்தது. அதில் பாதி சுகாதாரத்துக்கு (அதாவது துப்புரவுப் பணிகளுக்கு), பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதத்தை, சம்பளம், அலுவலகச் செலவு தவிர, அரசியலமைப்பின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 இனங்களில் ஊருக்குத் தேவையான எதற்கும் செலவழிக்கலாம். மரபுசாரா எரிசக்தியும் குடிநீரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

தெருவிளக்குக்கு ஒதுக்கிய பணம் இந்த 40 சதவீதத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து குடிநீருக்குக் கொண்டுபோகத் தடையில்லை. குடிநீர்த் தலைப்புப் பணத்தைத் தெருவிளக்குக்குத் திருப்புவதுதான் கூடாது.

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. மோட்டாருக்குப் பேனல் போடுவது குடிநீர் வழங்கல் பணி. அப்படியென்றால் நிபந்தனை மானியத்தின் குடிநீர்ப் பங்கில் மீதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுகாதாரப் பங்கில்தான் மீதி என்றால், அந்தத் தேவை முழுவதும் நிறைவேறிவிட்டது என்று கிராம சபை சான்றளித்து, மேற்பார்வை அதிகாரி உறுதிசெய்தால் அதைக் குடிநீருக்குத் திருப்ப வழியிருக்கிறது. இந்த நிபந்தனைப் பணத்திலேயே வேலை முடிந்தால் உங்கள் 6 லட்சம் அப்படியே மிஞ்சும். எதற்கும் பயன்படும் பணத்தைக் குடிநீருக்குக் கொட்டிவிட்டு, சிறுபாலத்துக்குப் பணமில்லை என்று நிற்பதை நான் நிறையப் பார்க்கிறேன்.

செயலர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றி, ஊராட்சிகளின் திட்டத்தையும் கணக்கையும் பதியும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பதிவான பணிக்குத்தான் பணம் விடுவிக்க முடியும். தெருவிளக்குப் பணியின் பெயரில் பேனல் வாங்கினால் தணிக்கையில் ஆட்சேபணை நிச்சயம். அதனால் பழைய பணியைக் கைவிட்டு, புதிய பணியைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் எது அடுத்து வருகிறதோ அந்தக் கிராம சபையில் கொண்டுவாருங்கள். தீர்மானம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“சோலார் தெருவிளக்குப் பணி, அதே தெருக்களில் வேறு திட்டத்தில் எல்.இ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டுவிட்டதால் கைவிடப்படுகிறது. இப்பணிக்குச் செலவு ஏதும் செய்யப்படவில்லை. ஒதுக்கிய ரூ. 6 லட்சம், தெற்குத் தெரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி மோட்டாருக்குச் சூரிய மின் தகடு அமைக்கும் பணிக்கு மாற்றி ஒதுக்கப்படுகிறது.”

காரணமும், செலவு ஆகவில்லை என்ற வரியும் விடுபடக் கூடாது. ‘இதர பணிகளுக்கு மாற்றப்படுகிறது’ என்று மொட்டையாக எழுதினால் கோப்பு திரும்பி வரும். தீர்மான நகலோடு ஒன்றியப் பொறியாளரிடம் புது மதிப்பீடு வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) வழியாக ஒப்புதல் பெறுங்கள். ஒப்புதலுக்கான தொகை வரம்புக்குள் அடக்க ஒரே பணியை இரண்டு எஸ்டிமேட்டாக உடைக்க யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் தேர்வு நல்ல தேர்வு என்பேன். சோலார் தெருவிளக்கில் முதலில் படுப்பது பேட்டரி. அதை மாற்றப் பிறகு யாரும் பணம் ஒதுக்குவதில்லை. மோட்டாருக்கு பேட்டரியே வேண்டாம். வெயில் நேரத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் தொட்டியே சேமிப்பு. 5 எச்.பி. மோட்டார் என்றால் சுமார் 5 கிலோவாட் பேனல், அதற்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் நிழலில்லாத இடம் தேவை. தொட்டிக்குப் பக்கத்தில் வேப்பமரம் நின்றால் இப்போதே இடத்தை மாற்றிவிடுங்கள். ஆழ்துளைக் கிணறு எவ்வளவு ஆழம் என்பதையும் எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், இருக்கிற மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதுதான் கைகொடுக்கும்.

இதெல்லாம் நிதிக்குழு மானியத்துக்குத்தான். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் வந்த பணம் என்றால் அவர் மறுபடி பரிந்துரைத்து, மாவட்ட நிர்வாகம் ஆணையைத் திருத்த வேண்டும். கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதாது.

கடைசியாக, விளக்குக்குப் பணி ஆணை கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. கொடுக்கவில்லை என்றால் மேலே சொன்னபடி போகலாம். கொடுத்திருந்தால் முதலில் அதை எழுத்தில் ரத்து செய்து, பொருள் எதுவும் வந்து இறங்கவில்லை என்று ஒப்பந்ததாரரிடமும் எழுதி வாங்குங்கள். கம்பம் நட்டு, முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது என்றால் அந்த அளவுக்கான பணம் அவருக்குரியது. மீதியைத்தான் மாற்ற முடியும். அப்போது தீர்மானத்தில் 6 லட்சம் என்று எழுதாமல் மீதித் தொகையை எழுதுங்கள். ‘செலவு ஏதும் செய்யப்படவில்லை’ என்ற வரிக்குப் பதில் ஆன செலவைக் குறிப்பிடுங்கள்.