நார்தம்பர்லாந்து: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரை பற்றிய உங்கள் குறிப்பில் லிண்டிஸ்ஃபார்ன் தீவு வந்தது. ஜூலை இரண்டாம் வாரம் அப்பா அம்மாவுடன் லண்டன் செல்கிறேன். நடுவில் நான்கு நாள் கையில் இருக்கிறது. அங்குள்ள உறவினர்கள் “லேக் டிஸ்ட்ரிக்ட் போங்கள், நார்தம்பர்லாந்தில் என்ன இருக்கிறது?” என்கிறார்கள். எங்களிடம் கார் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மூவரும் சைவம். இருண்ட வானத்தில் நட்சத்திரம் பார்க்கவும் ஆசை. போகலாமா?

கே., கோவை

அன்புள்ள கே.,

போகலாம். லண்டனிலிருந்து எடின்பரோ செல்லும் ரயில் நார்தம்பர்லாந்தின் ஊடாகத்தான் போகிறது. இறங்குபவர்கள்தான் குறைவு. சுமார் 5,000 சதுர கிலோமீட்டரில், 2021 கணக்கெடுப்பின்படி, 3.2 லட்சம் பேர் வாழும் மாவட்டம் அது. பாம்பரோ கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் மணற்கரையில் ஜூலையிலும் தனியாக நடக்கலாம். ஏரியும் மலையும்தான் வேண்டுமென்றால் உறவினர்கள் சொல்வது சரி. கடலும் வெறுமையும் பழமையும் வேண்டுமென்றால் இங்கே வாருங்கள்.

ஆனால் பயணத்தை வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள், ஓத அட்டவணையிலிருந்து, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலிலிருந்து, தொடங்குங்கள். லிண்டிஸ்ஃபார்னுக்குப் போகும் தார்ச்சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வழி அடைபட்டிருக்கும். பாதுகாப்பான நேரங்களை நார்தம்பர்லாந்து மாவட்ட கவுன்சில் முன்கூட்டியே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. தங்கும் அறையைப் பதிவு செய்வதற்கு முன் அதைப் பாருங்கள்.

நம் வீட்டு நாட்காட்டியும் இதற்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தக் கரையில் கடல் ஏற்றம் பிற்பகலில் உச்சத்துக்கு வரும். அதனால் பகலின் பின்பாதியில் வழி இருக்காது, காலையிலேயே போய்த் திரும்ப வேண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் காலையில் முடிந்துவிடும், நண்பகல் தாண்டியதிலிருந்து மாலை வரை சாலை திறந்திருக்கும். ஊரில் பயணம் தொடங்கத் தயங்கும் அஷ்டமிதான் இந்தத் தீவுக்கு ஏற்ற நாள். நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீர்கள்.

ஆண்டுதோறும் கார்கள் அங்கே மூழ்குகின்றன. தீவிலிருந்து கிளம்பும்போது கண்ணெதிரே சாலை உலர்ந்துதான் தெரியும். தண்ணீர் சேர்வது தாழ்வான பாலத்தருகே. அங்கே போய்ச் சேர்வதற்குள் பின்னாலும் நீர் வந்துவிடும். கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசினால் அட்டவணை நேரத்துக்கு முன்பே நீர் ஏறும். கடைசி அரை மணி நேரத்தை எப்போதும் விட்டுவிடுங்கள்.

பெரிக் என்ற ஊரிலிருந்து தீவுக்குப் பேருந்து உண்டு, ஆனால் எல்லா நாளும் கிடையாது. நேரமும் ஓதத்தோடு மாறும். பேருந்து இல்லாத நாளில் டாக்ஸி பேசும்போது திரும்பும் நேரத்தையும் சேர்த்தே உறுதி செய்துகொள்ளுங்கள். தீவில் 635இல் துறவி எய்டன் நிறுவிய மடத்தை 793இல் வடக்கிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் தாக்கினார்கள். இன்று நிற்பது பின்னாளில் எழுந்த மடத்தின் இடிபாடு. அது சமதரையில் இருக்கிறது, அம்மா சிரமமின்றிப் பார்க்கலாம். பாறை மேலிருக்கும் கோட்டைக்கு ஏற்றம் உண்டு. இந்தத் தீவில் எழுதப்பட்ட புகழ்பெற்ற நற்செய்திச் சுவடி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

சீஹவுசஸ் துறைமுகத்திலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகும். பஃபின் பறவைகள் ஜூலை முடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும், இரண்டாம் வாரத்தில் பார்க்க வாய்ப்பு உண்டு. தீவில் இறங்கினால் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவைகள் குஞ்சுகளைக் காக்கத் தலையில் கொத்தும். தொப்பி இல்லாமல் போகக்கூடாது. முழங்கால் வலிக்கு இறங்காமல் சுற்றிவரும் படகே நல்லது. அலை பெரிதானால் பயணம் ரத்தாகும், அதனால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

நட்சத்திர ஆசையை இம்முறை விட்டுவிடுங்கள். கீல்டர் காடும் தேசியப் பூங்காவும் 2013இல் இருண்ட வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்றவைதான். ஆனால் 55 பாகை வடக்கில் ஜூலை நடுவில் இரவு முழுதாக இருட்டுவதில்லை. அதற்கு அக்டோபரில் வரவேண்டும், அப்போது பஃபின் இருக்காது.

முதல் இரண்டு இரவு அல்ன்விக்கில் தங்குங்கள். உள்ளூர்க்காரர்கள் ‘ஆனிக்’ என்பார்கள். அல்ன்மத் நிலையத்தில் இறங்கினால் நான்கு மைல். ஊரின் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக் கடை இருக்கிறது, உங்களைப் போன்றவருக்கு அரை நாள் போதாது. கரையோர ஊர்களுக்கு எக்ஸ்18 பேருந்து போகிறது. தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். திடீரென்று கடல் மூடுபனி சூழலாம். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடல் மேல் படிவதால் வருவது அது. அப்படிப்பட்ட நாளிலும் உள்நாட்டில் வெயில் அடிக்கும்.

மூன்றாம் இரவு ஹெக்ஸம் என்ற ஊரில். அங்கிருந்து ஏடி122 பேருந்து ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிப் போகும். சுவரின் செங்குத்தான பகுதிகளை விட்டுவிட்டு ரோமானியப் படைமுகாம் இருந்த விண்டொலாண்டாவுக்குப் போங்கள். பழைய முகாமை இடித்து அதன் மேல் களிமண்ணும் புல்கட்டியும் பரப்பிப் புது முகாம் கட்டியதால், காற்றுப் புகாத ஈரமண்ணில் அவர்கள் எழுதிய மெல்லிய மர ஏடுகள் மக்காமல் கிடந்தன. 1973இல் முதல் ஏடு கிடைத்தது. கி.பி. 100ஐ ஒட்டி கிளாடியா செவரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாளுக்கு அழைத்த கடிதமும் அவற்றில் ஒன்று. கடைசி வரியை அவளே கைப்பட எழுதியிருக்கிறாள்.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். கிராமத்து பப்களில் இரவு எட்டு, எட்டரைக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேளுங்கள். சமையலறையுள்ள வீடாக எடுத்து, அரிசி பருப்பை நியூகாசிலிலேயே வாங்கிக்கொண்டால் அம்மாவுக்கு நிம்மதி. வடக்கே போகும்போது ரயிலில் வலப்பக்க இருக்கை கேளுங்கள், கடல் அந்தப் பக்கம்.

அன்புடன்.