ஆழ்கடல் சுறாப் பற்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலடானின் பல் தாராளமாக விற்பனைக்கு வருகிறது. ஆழ்கடல் சுறாக்களின் புதைபடிவப் பல் மட்டும் ஏன் அபூர்வம்?

ப: இன்று நிலமாக உயர்ந்து நிற்கும் கடற்படிவுகளில் பெரும்பகுதி ஆழம் குறைந்த கடலில் படிந்தவை. ஆழ்கடல் சேறு கைக்கு எட்டுவதே குறைவு. அளவும் ஒரு காரணம். விளக்குச் சுறா வகைகளின் பற்கள் சில மில்லிமீட்டர்தான். தரையைப் பார்த்து நடப்பவர் அவற்றை மிதித்துக்கொண்டே போய்விடுவார். சல்லடை பிடிப்பவருக்குத்தான் அகப்படும்.

கே: தோண்டிய களிமண்ணைத் தண்ணீரில் போட்டேன். கரையாமல் உருண்டையாகவே கிடக்கிறது. என்ன செய்வது?

ப: ஈரக் களிமண் லேசில் கரையாது. சிறு கட்டிகளாக உடைத்து, உள்ளே துளி ஈரமில்லாமல் காயவிடுங்கள். பிறகு வாளியில் இட்டு, மூழ்கும்வரை நீர் ஊற்றினால், துளைகளில் நீர் ஏறி, கட்டி தானே உதிரும். கிளறாதீர்கள், மெல்லிய பல்முனைகள் அதில்தான் முறியும். மேலே 2 மி.மீ., கீழே 0.5 மி.மீ. கண்ணுள்ள சல்லடைகளை அடுக்கி, மெல்லிய நீர்த்தாரையில் அலசுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். உருண்டை மிஞ்சினால் மறுபடி காயவைத்து ஊறவைக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவோர் உண்டு. களிமண்ணில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருந்தால் அது கந்தக அமிலத்தை உண்டாக்கிப் பல்லையே அரிக்கும். சலித்து மிஞ்சியதை உலர்த்தி, 10 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியின் கீழ் பரப்பி, நனைத்த தூரிகை நுனியால் ஒற்றி எடுங்கள். இடுக்கியில் பிடித்தால் பல் தெறித்துவிடும். அப்புறம் அறை முழுக்கத் தேடல்தான்.

கே: சுண்ணாம்புக்கல்லில் ஒட்டிய பல்லை வினிகரில் போடலாமா?

ப: வெறும் வினிகர் வேண்டாம். பல் பாஸ்பேட்டால் ஆனது. அசிட்டிக் அமிலம் அதையும் மெல்ல அரிக்கும். 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கால்சியம் அசிடேட் கலந்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள். வெளியே எடுத்த பல்லைப் பலநாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைக்காவிட்டால், உலரும்போது உள்ளிருக்கும் உப்பு படிகமாகிப் பல்லை விரிசல்விட வைக்கும்.

கே: ஆறு செவுள் சுறாவின் கீழ்த்தாடைப் பல் வாங்க இருக்கிறேன். ஒட்டுவேலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: அது சீப்பு வடிவப் பல். பெரிய முதல் முனையிலிருந்து பின்னோக்கி முனைகள் படிப்படியாகச் சிறுக்க வேண்டும். நடுவில் ஒன்று திடீரெனப் பெருத்தால் வேறு பல்லின் துண்டு என்று சந்தேகியுங்கள். புற ஊதா விளக்கில் பசை பெரும்பாலும் தனியாக ஒளிரும். வேர் நுண்துளைகளோடு இருக்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் பூச்சு. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பார்க்கலாம், விற்பவரைக் கேட்டுவிட்டு. பாரலாய்டு பி-72 என்ற, புதைபடிவங்களை ஒட்டும் பசை கொண்டு செய்த நேர்மையான பழுதுபார்ப்பும் அசிட்டோனில் கரையும் என்பதை மறக்காதீர்கள்.

கே: இரண்டு இடத்துப் பற்களை ஒரே டப்பாவில் வைக்கலாமா?

ப: கூடாது. கலந்துவிட்டால் எது எந்தப் படிவு அடுக்கிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. இடம், அடுக்கு, தேதி எழுதிய சீட்டு ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் இருக்கட்டும். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.